"தொட்டாற்சிணுங்கி" என்று அழைக்கப்பட்ட வாழ்க்கையைத் துணியில் நிறுவுவது எப்படி? அம்மாவின் புடவைகளைக் கொண்டு ஓர் அறை

கேள்வி: இழையினி

அனைவருக்கும் வணக்கம். கரூரில் ஏற்றுமதிக்கான படுக்கை விரிப்புகளும் சமையலறைத் துண்டுகளும் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் செக்கிங் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். குழல்விளக்கின் கீழே துணியை விரித்து, அறுந்த பாவு (நீளவாட்டு இழை), விடுபட்ட ஊடை (குறுக்கு இழை), முடிச்சு, எண்ணெய்க்கறை ஆகியவற்றைத் தேடிக் குறியிடுவதுதான் என் வேலை. கண் தவறவிடும் குறையையும் என் விரல்நுனி பிடித்துவிடும் என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அந்த விரல்நுனியோடு சேர்ந்து பிறந்த காதும் மூக்கும் தோலும்தான் கடைசியில் என்னால் அங்கே இருக்க முடியாதபடி செய்தன. தறிகளின் இரைச்சல் வீட்டுக்கு வந்த பின்னும் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருக்கும். மேசைக்கு அப்பால் யாரோ இருவர் சண்டையிட்டுக்கொண்டால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வராது.

சிறு வயதில் என்னைத் "தொட்டாற்சிணுங்கி" என்றுதான் கூப்பிட்டார்கள். கஞ்சி போட்ட பள்ளிச் சீருடையின் கழுத்துப்பட்டி உறுத்தி அழுததற்கும், கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்குப் பயந்து மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்ததற்கும் அந்தப் பெயர்தான் கிடைத்தது. அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல், புதுத் துணியை மூன்று முறை அலசிய பிறகே எனக்குப் போட்டுவிடுவார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த வேலையை விட்டேன். சென்ற ஆண்டு அம்மா காலமானார். அவருடைய 19 பருத்திப் புடவைகள் என்னிடம் இருக்கின்றன. இந்த மூன்று ஆண்டுகளில் என் உணர்திறன் சிறிதும் குறையவில்லை என்றாலும், அதனோடு நான் வாழும் விதம் முற்றிலும் மாறிவிட்டது. அந்த மாற்றத்தை, பார்ப்பவர் உள்ளே நடந்து உணரும் ஒரு கலைப்படைப்பாக, இந்தப் புடவைகளைக் கொண்டு ஓர் அறை முழுக்க நிறுவ வேண்டும் என்பது என் ஆசை.

ஒருமுறை முயன்றும் பார்த்தேன். எங்கள் ஊரில் நடந்த ஒரு சிறு கலைக்கூடுகையில் எனக்கு 12 அடிக்கு 10 அடியில் ஓர் அறை கொடுத்தார்கள். கம்பிகளில் புடவைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, என் கதையை இரண்டு பக்கத்துக்கு எழுதி வாசலில் ஒட்டினேன். பழைய புடவை கிழிந்துவிடுமே என்று "தொடாதீர்கள்" என்ற பலகையையும் வைத்திருந்தேன். வந்தவர்கள் எழுத்தைப் படித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் யாருடைய நடையும் அறைக்குள் நுழைந்த பின் மாறவில்லை. வெளியே பேசிக்கொண்டு வந்த பேச்சை உள்ளேயும் அதே குரலில் தொடர்ந்தார்கள். ஒரு சிறுவன் மட்டும் ஒரு முந்தானையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். அவன் அம்மா அவன் கையைத் தட்டிவிட்டார்.

என் உணர்திறனை, படித்துத் தெரிந்துகொள்ளாமல் உடம்பாலேயே உணரும்படி செய்வது எப்படி? மாற்றத்தை "முன்பு இப்படி, இன்று இப்படி" என்று இரண்டு துண்டுகளாகப் பிரிக்காமல் காட்ட வழி உண்டா? அம்மாவின் புடவையில் கத்திரி வைக்க என் கை நடுங்குகிறது. வெட்டாமல் இதைச் செய்ய முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: கிழக்குச்சன்னல்

அன்புள்ள இழையினி அவர்களுக்கு,

கலை வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில், உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். என் பார்வையில் மற்ற இரண்டுக்குமான விடை அதற்குள்தான் இருக்கிறது.

சிற்பக் கலைஞர் லூயிஸ் பூர்ஷ்வா 1911-இல் பாரிஸில் பிறந்தவர். பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிட்டு விற்பது அவருடைய பெற்றோரின் தொழில். அந்தத் திரைகள் பெரும்பாலும் அடிப்பகுதியில்தான் நைந்திருக்கும். அதாவது, சித்திரத்தில் உள்ள மனிதர்களின் பாதங்கள் போயிருக்கும். காணாமல்போன பாதங்களை வரைந்து கொடுப்பது சிறுமி லூயிஸின் வேலையாக இருந்தது. அந்த வரைவைப் பார்த்துத்தான் அவற்றை மீண்டும் நெய்வார்கள். அவருடைய தாய் 1932-இல் இறந்தார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற அவருடைய பெருஞ்சிலந்திச் சிற்பத்துக்கு "அம்மா" என்று பொருள்படும் பெயரை அவர் வைத்ததற்கும், அறுந்ததைப் பொறுமையாக மறுபடி நெய்யும் அந்தத் தாயே காரணம்.

நான் சொல்ல வந்தது அந்தச் சிலந்தியைப் பற்றி அன்று. எண்பது வயதைக் கடந்த பிறகு, 1990-களின் நடுவில், அவர் தன் அலமாரிகளைத் திறந்து, பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த தன் உடைகளையும் தாயின் உடைகளையும் வெளியே எடுத்தார். 1996-இல் செய்த ஒரு படைப்பில், நடுவே ஓர் இரும்புத் தண்டை நட்டு, அதன் கிளைகளில் மெல்லிய உள்ளாடைகளைத் தொங்கவிட்டார். உடை மாட்டும் கொக்கிகளாக அவர் பயன்படுத்தியவை கால்நடைகளின் பெரிய எலும்புகள். தோலை ஒட்டிக் கிடந்த மிக மென்மையான துணியும், தோலுக்கு அடியில் இருக்கும் மிகக் கடினமான எலும்பும் அங்கே ஒன்றையொன்று தொடுகின்றன. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய உடல் மட்டும் இல்லை. அதைப் பார்க்கும்போது ஒரு விளக்கக் குறிப்பும் தேவைப்படுவதில்லை. பின்னர் 2002-இல், தன் திருமணத்துக்குச் சீராக வந்த, பெயரெழுத்து பின்னிய லினன் துண்டுகளையே பக்கங்களாக்கி ஒரு துணிப் புத்தகம் செய்தார். அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது. மறதியைப் போற்றும் பாடல் என்பது அதன் தலைப்பின் பொருள்.

ஆகவே, வெட்டுங்கள் என்றுதான் சொல்வேன். நீங்கள் புடவைகளைப் பாதுகாத்தீர்கள். பாதுகாக்கப்பட்ட பொருளைப் பார்ப்பவர் அருங்காட்சியகத்துக்குள் வந்தவரைப் போலத்தான் நடந்துகொள்வார். பூர்ஷ்வா தன் துணிகளை ஆபத்துக்கு உள்ளாக்கினார். அதனால்தான் நம் தோலும் கூசுகிறது. அந்த இரண்டு பக்கக் கதையையும் எடுத்துவிடுங்கள். அதைப் படித்து முடித்தவருக்குப் புடவைகள் வெறும் படவிளக்கமாகிவிடுகின்றன.

பதில் 2: பிட்னிக்கோடு

வணக்கம் அக்கா. நான் காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். மேலே எழுதிய ஐயாவின் கருத்தை மதிக்கிறேன். எழுத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கும் முழுச் சம்மதம். ஆனால் வெட்டுவது ஒன்றுதான் வழி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தறியில் வேலை செய்தவர்களுக்குத் துணியை மாற்ற வேறு வழிகள் தெரியும்.

எங்கள் பட்டுப்புடவையில் உடல் ஒரு நிறமும் முந்தானை வேறொரு நிறமுமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊடை நிறத்தை மாற்றுவது எளிது. பாவின் நிறத்தையே மாற்ற வேண்டுமானால், உடலின் ஒவ்வொரு பாவு இழையோடும் முந்தானை நிறத்துப் பாவு இழை ஒன்றைக் கையால் கோத்துப் பிணைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த நாளில் அம்மாவும் சித்தியும் எதிரெதிரே உட்கார்ந்து, பேச்சே இல்லாமல் ஆயிரக்கணக்கான இழைகளைப் பிணைப்பார்கள். சிறிது தூரம் இரண்டு பாவும் சேர்ந்தே நெய்யப்பட்ட பின்னர்தான் பழைய இழைகளின் முனைகளை வெட்டி எடுப்பார்கள். இதற்குப் பெயர் பிட்னி. முடிந்த புடவையில் அந்த இடத்தைத் தடவினால் சற்றுத் தடிப்பாக, இரண்டு நிறமும் பல்லைப் போலக் கோத்த ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டில் பழைய நிறமும் இருக்கிறது, புதிய நிறமும் இருக்கிறது; இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் இரண்டாவது கேள்வியைப் படித்தவுடன் என் விரலுக்கு நினைவு வந்தது அந்தத் தடிப்புதான்.

பருத்திப் புடவையில் பிட்னி போடச் சொல்லவில்லை. கத்திரி எடுக்காமல் இன்னொன்று செய்யலாம். நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் தறிக்கருவி) ஓட்டி நெய்த துணியில் ஊடை என்பது கரைக்குக் கரை திரும்பித் திரும்பிப் போகும் ஒரே நூல். முந்தானையின் முனையிலிருந்து பிரிக்கத் தொடங்கினால், தார் (நாடாவுக்குள் இருக்கும் நூல்சுற்று) தீர்ந்து புதுத் தார் மாற்றிய இடம்வரை அது அறாமல் வரும். அங்குலத்துக்கு 60 ஊடை, அகலம் 47 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், ஓர் அங்குலத் துணியைப் பிரிக்கும்போது ஏறத்தாழ 70 மீட்டர் நூல் உங்கள் கைக்கு வரும். ஆறு அங்குலத்துக்கு 400 மீட்டருக்கு மேல். நூல் வெளியேறிய இடத்தில் பாவு மட்டும் மழைக்கம்பிகள் போலத் தொங்கும். அதற்கு மேலே புடவை புடவையாகவே இருக்கும். எதுவும் அழியவில்லை. பழைய மெல்லிய நூல் ஒற்றையாக இழுத்தால் அறுந்துவிடும். இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து லேசாக முறுக்கிக்கொள்ளுங்கள். பிரிக்கும் முன் தண்ணீரைத் தெளித்து ஈரமாக்கினால் பருத்தி நூலுக்குப் பலம் கூடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தோலின் கதையைச் சொல்லும் அறையில் "தொடாதீர்கள்" என்று பலகை வைத்துவிட்டீர்கள். அங்கே உங்கள் படைப்பைச் சரியாகப் புரிந்துகொண்டவன் அந்தச் சிறுவன்தான். எல்லாப் புடவையையும் தொடக் கொடுக்க மனம் வரவில்லை என்றால், நைந்தவற்றைக் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு, உறுதியான நான்கைந்தை நடைவழியில் முகத்தின் உயரத்துக்கு, ஒருவர் ஒதுக்கிக்கொண்டுதான் போக முடியும் என்ற அளவு நெருக்கமாகத் தொங்கவிடுங்கள். கஞ்சி முழுவதும் போகும்படி அலசிவிடுங்கள். கஞ்சியில்லாத மெல்லிய பருத்தி, ஆள் நடக்கும் காற்றுக்கே அசையும்.

பதில் 3: தேம்ஸ்கரை

லண்டனில் வசிக்கிறேன். 2022 நவம்பர் முதல் 2023 மே வரை டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தில் போலந்துக் கலைஞர் மக்தலேனா அபகனோவிச்சின் கண்காட்சி நடந்தது. துறைமுகங்களில் கழித்துப்போட்ட பழைய கப்பல் கயிறுகளை வாங்கிவந்து, பிரித்து, சாயமேற்றி, மீண்டும் நெய்து 1960-களில் அவர் செய்த பெரும் படைப்புகள் கூரையிலிருந்து தொங்கின. சிவப்பு நிறத்தில் உள்ள ஒன்று நான்கு மீட்டர் அளவுக்குப் பெரியது. படத்தில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அருகில் போனபோது முதலில் வந்தது சணல் சாக்கு அடுக்கிய கிடங்கை நினைவூட்டும் மணம். அடுத்ததாக, என் காலடி ஓசை மங்கியதைக் கவனித்தேன். அதன் பிறகுதான் கண்ணால் பார்க்கவே தொடங்கினேன். கூட வந்தவர்கள் யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திவிட்டார்கள்.

உங்கள் அறையில் யாரும் பேச்சை நிறுத்தவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தொங்கும் துணி ஒலியை வாங்கிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் சுவரோடு ஒட்டி, விறைப்பாக இழுத்துக் கட்டிய ஒற்றைத் துணி மிகக் குறைவாகவே வாங்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நிறைய மடிப்பு விழும்படி இரண்டு மூன்று அடுக்காகத் தொங்கவிட்டால் சிறிய அறையின் எதிரொலி நன்றாகவே அடங்கும். வந்தவருக்குத் தன் மூச்சும், உடை உரசும் ஒலியும் திடீரெனக் கேட்கத் தொடங்கும். உங்களுக்கு நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பவை அவைதான் அல்லவா?

பதில் 4: மாலைநடை

இழையினி அவர்களுக்கு வணக்கம். மனநல ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். ஓய்வு நேரத்தில் கைத்தையல் செய்கிறேன். கலையைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டதால், உணர்திறன் பற்றிச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரன் 1990-களில் இந்தப் பண்பை ஆராயத் தொடங்கினார். தன் கணவர் ஆர்தர் ஆரனுடன் சேர்ந்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில் அதை அளக்க 27 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார். மக்களில் ஏறக்குறைய 15 முதல் 20 விழுக்காட்டினருக்கு இந்தப் பண்பு மிகுதி என்பது அவருடைய மதிப்பீடு. இது நோயின் பெயர் அன்று. புலன்வழி வருவதை ஆழமாக வாங்கி ஆழமாகச் செரிக்கும் ஓர் இயல்பின் பெயர். அந்தக் கேள்விகளில் ஒன்று, கண்ணைக் கூசும் வெளிச்சம், கடும் மணம், அருகில் ஒலிக்கும் அபாயச்சங்கு ஆகியவற்றோடு, சொரசொரப்பான துணியும் உங்களைத் திணறடிக்கிறதா என்று கேட்கிறது. கழுத்துப்பட்டி உறுத்தி அழுத அந்தக் குழந்தையை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். துணி உங்கள் கதைக்கு நீங்கள் தேடிப் பிடித்த உருவகம் இல்லை. அந்தக் கதை நடந்த இடமே அதுதான்.

அதனால் ஒரு வேண்டுகோள். மாற்றத்தைக் காட்டும்போது, மெலிந்தவள் வலியவள் ஆனாள் என்ற பாதையில் போய்விடாதீர்கள். பார்வையாளருக்கு அது இனிக்கும். ஆனால் நீங்களே எழுதியபடி, உணர்திறன் குறையவில்லை, வாழும் விதம்தான் மாறியது. கிழக்குச்சன்னல் அவர்கள் சொன்ன "ஆபத்து" என்ற சொல்லும் எனக்குச் சிறிது தயக்கம் தருகிறது. அம்மா போய் ஓராண்டுதான் ஆகிறது. கை நடுங்கினால் அதை நம்பி நிறுத்திக்கொள்ளலாம், துணி காத்திருக்கும்.

ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில், மனநல விடுதிகளில் இருந்தவர்களின் படைப்புகளைச் சேர்த்து வைத்த பிரின்ஸ்ஹார்ன் தொகுப்பில் ஒரு சிறிய மேலங்கி இருக்கிறது. தையற்காரியான ஆக்னஸ் ரிக்டர், விடுதிக்குள் இருந்தபடி, அங்கே கிடைத்த துணியைக் கொண்டு 1895 வாக்கில் தைத்தது. அதில் அவர் பல நிற நூல்களால் எழுத்துகளைப் பின்னியிருக்கிறார். வெளிப்புறத்தில் மட்டுமின்றி உட்புறத்திலும். பழைய ஜெர்மன் கையெழுத்து என்பதாலும், தையல் தேய்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதாலும் பலவற்றைப் படிக்க முடியவில்லை. "நான்", "என்" என்ற சொற்கள் மட்டும் திரும்பத் திரும்பத் தெரிகின்றன. அதை அவர் அணிந்திருந்ததற்கான தேய்மானமும் கறையும் துணியில் உள்ளன. அவருடைய நிலையும் உங்கள் நிலையும் வேறு. ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. உட்பக்கத்துத் தையலை அவர் யாருக்குக் காட்ட நினைத்தார்? அது அவருடைய தோலை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த இரண்டு பக்கக் கதையைக் கிழித்தெறிய வேண்டாம். ஒரு புடவையின் உள்மடிப்பில், வெளியிலிருந்து படிக்க முடியாதபடி ஓட்டுத்தையலாகத் தைத்துவிடுங்கள். தடவிப் பார்ப்பவருக்கு மேடும் பள்ளமும் மட்டும் தெரிந்தால் போதும்.

பதில் 5: கிழக்குச்சன்னல்

மாலைநடை அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பூர்ஷ்வா தாயை இழந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்தே அந்த அலமாரியைத் திறந்தார் என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். "வெட்டுங்கள்" என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஊடையைப் பிரிக்கும் வழி எனக்குத் தெரியாத ஒன்று. அதைப் படித்ததிலிருந்து என் மனம் அதிலேயே இருக்கிறது.

நூலாகப் பிரித்த பிறகு அதை என்ன செய்வது என்று யோசிக்கையில், பெர்லினில் வாழும் ஜப்பானியக் கலைஞர் சிஹாரு ஷியோட்டாவின் பெயர் எல்லோருக்கும் தோன்றும். 2015-இல் வெனிஸ் பியனாலே என்ற பன்னாட்டுக் கலைக்கண்காட்சியில் இரண்டு படகுகளின் மேலே சிவப்பு நூல்வலை கட்டி, உலகெங்குமிருந்து பெற்ற பல்லாயிரம் சாவிகளை அதில் தொங்கவிட்டவர் அவர். அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அண்டை வீடு தீப்பற்றி எரிந்தது. மறுநாள் வெளியே கிடந்த கருகிய பியானோவின் ஒலியின்மை அவரை விட்டு நீங்கவே இல்லை. பிற்காலத்தில், எரிந்த பியானோவைக் கறுப்பு நூலால் அறை முழுவதும் சூழ்ந்து அதைப் படைப்பாக்கினார். ஒரு குழந்தையின் உடம்பில் தங்கிவிட்ட ஒலி, பல ஆண்டுகளுக்குப் பின் நூலாக வெளிவருவதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன். ஆனாலும் அறையை வலையால் நிரப்ப வேண்டாம் என்பேன். அது அவருடைய கையெழுத்தாகிவிட்டது. அதைக் கண்டவுடன் பார்ப்பவர் உங்களை விட்டு அவரை நினைப்பார்.

இழையினி

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி சொல்ல வேண்டும். பதில்களை நான்கு நாட்களாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். பலகையைப் பற்றிப் பிட்னிக்கோடு தம்பி எழுதியதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது, தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த முறை வீட்டின் பின்கட்டு அறையிலேயே செய்கிறேன். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், செருப்பில்லாமல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உள்ளே இருக்கலாம். கதையைத் தைக்கத் தொடங்கிவிட்டேன்; ஒரு நாளைக்கு மூன்று வரிதான் போகிறது.

நேற்றிரவு ஒரு புடவையைப் பிரித்தேன். அம்மா அடுக்களையில் கட்டும் பழைய சுங்குடிப் புடவை. முந்தானையின் நடுவில், எப்போதும் கை துடைக்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை ஒன்று இருந்தது. எத்தனையோ முறை துவைத்தும் போகாத கறை. தண்ணீர் தெளித்து, முனையிலிருந்து ஊடையை மெதுவாக இழுத்துக் கண்டில் சுற்றிக்கொண்டே வந்தேன். நான்கு விரற்கடை போன பிறகு, நூல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதில் சிறிதை அவிழ்த்து, சுவருக்குச் சுவர் நீட்டிக் கட்டினேன். துணியில் ஒரே கறையாக இருந்தது, நூலில் ஒவ்வொரு புடவை அகலத்துக்கும் ஒன்றாக, விரல்நீள மஞ்சள் கோடுகளாகப் பிரிந்து அறையின் கடைசிவரை போயிருந்தது. அம்மா ஒவ்வொரு முறையும் கை துடைத்தது தனித்தனியாக எண்ணி வைத்தாற்போல இருந்தது.

அதை அப்படியே கட்டி வைத்திருக்கிறேன். வலை எதுவும் போடப்போவதில்லை. நெற்றி உயரத்தில் இந்த ஒரே நூல் போதும் என்று தோன்றுகிறது. மஞ்சள் கறை வெயில் பட்டால் வெளுத்துவிடும் என்பதால், கிழக்குப் பக்கச் சன்னலுக்கு இன்று காலை தடித்த ஜமுக்காளம் ஒன்றைக் கட்டிவிட்டேன்.